அலகுமுனை இருக்கையை மறுத்துப் பெருந்தூதர் விடுத்த ஓலை

மேகத்துக்கும் வரப்புக் கட்டி ஆளும் கார்முகில் நாட்டின் தலைமை நாரைத்துறையில் வீற்றிருந்து, வானேறுவோர் அனைவருக்கும் இடம் வகுத்தருளும் இருக்கை நாயகம் வேம்பன் மழவராயர் திருமுன்புக்கு, மன்னர் செங்குடைமாவேளின் கணையாழி தாங்கிய பெருந்தூதன் நெடுங்குன்றத்து எயினன் சாத்தன், வழியில் ஒரு புளியமரத்தடியில் அமர்ந்து எழுதும் ஓலை. தங்கள் குலம் தழைக்க, காற்று தங்கள் பக்கம் வீசுக. துறையின் நாரைகள் நலமா? அவற்றுக்கு வேளாவேளைக்கு மீன் கிடைக்கிறதா? இதை வெறும் நலவிசாரிப்பாகக் கொள்ளாமல், மெய்யாகவே கேட்டறிந்து அருள்க. காரணம் கீழே வருகிறது.

நாற்பது பேரைச் சுமந்து மலை தாண்டும் மலைநாரையில் அடியேன் முதன்முதல் ஏறியபோது, ஆடுகளுக்கும் ஊறுகாய்ச் சாடிகளுக்கும் நடுவே, வாலடியில் தொங்கும் வாற்கூடையில் இடம் தந்தார்கள். ஒருமுறை பறந்தால் நம் பெயர்க் கயிற்றில் ஒரு முடிச்சு. கூடை கொள்ளாத அளவுக்கு ஆட்களைச் சேர்த்துவிட்டு, பிறகு முடிச்சு மிகுந்தவரை முன்னே நகர்த்தி இடம் பண்ணுவது தங்கள் துறையின் வழக்கம். பத்து முடிச்சில் முதுகுப் பந்தல் கிடைத்தது. மெத்தை, விசிறி, பனங்கற்கண்டுப் பால். அதோடு விட்டிருந்தால் இந்த ஓலையே இல்லை. நாற்பதில் கழுத்துப் பீடம், நாரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டே போனேன். எழுபதில் கொண்டை. அங்கே பிடித்துக்கொள்ள இறகு மட்டுமே உண்டு. ஒன்றை அழுத்திப் பிடித்தேன், கையோடு வந்துவிட்டது. நாரை கண்ணை மேலே உருட்டி என்னைப் பார்த்தது. அப்படியொரு பார்வையை எந்தப் பகையரசர் அவையிலும் நான் கண்டதில்லை.

இப்போது முடிச்சு தொண்ணூற்றொன்பது. வரும் முழுநிலவன்று இளவரசியின் மணப்பேச்சுக்காகப் பறந்தாக வேண்டும். நூறாவது பறத்தலுக்கு அலகுமுனை.

அங்கே இதுவரை அமர்ந்தவர் முத்துவணிகர் பூதங்கொற்றனார் ஒருவரே. ஏரிக்கு மேலே போகையில் நாரை மீனைக் கண்டது, குனிந்தது. கரை சேர்ந்தது அவருடைய தலைப்பாகை மட்டுமே. இதைப் பற்றி எங்களூர்த் துறைக்காரி தேனங்கையிடம் வினவினேன். அலகுமுனையில் சென்றவரிடமிருந்து இன்றுவரை ஒரு குறையும் வந்ததில்லை என்று அவள் பெருமிதத்தோடு தெரிவித்தாள்.

அந்த மேன்மை எனக்கு வேண்டாம் என்றேன். பெரியவர் கூச்சப்படுகிறார் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள். கொடுத்த இருக்கையை ஒருவர் மறுத்தால், அவர் மனக்குறை தீர மேலும் இரண்டு முடிச்சு இடுவது விதி என்று சொல்லிக் கயிற்றை எடுத்தாள். வேண்டும், மிகவும் வேண்டும் என்று அவசரமாகச் சொல்லி வைத்தேன். கயிற்றை அறுக்க வல்லவர் தாங்கள் ஒருவரே என்பதால், தங்களுக்கு ஓலை விடுக்கப்போவதாகவும் சொன்னேன். மூத்த பயணியின் ஓலையைத் துறையே நாரையில் அனுப்பும், அதுவும் என் பறத்தலாகவே கொள்ளப்படும் என்று அன்போடு அறிவித்தாள்.

ஆகையால் ஓலையை நானே கொண்டுவந்து தருவதென்று பின்வாசல் வழியே புறப்பட்டு, ஆறு நாள் வழியை நடந்தே வருகிறேன். மூத்த பயணி கால் நோக நடப்பது துறைக்கு இழுக்கு என்று எண்ணினார்கள் போலும். நேற்று முதல் சிறகு விரித்த ஒரு பெரிய நிழல் கூடவே வருகிறது. நான் நின்றால் அதுவும் நிற்கிறது.

ஆதலால் மன்னரின் கணையாழி பேரால் இடும் கட்டளை யாதெனில்: இவ்வோலை கண்டவுடன் என் கயிற்றை அறுத்து, ஒருமுறையும் பறவாதவனாக என்னை அறிவித்து, மணப்பேச்சுக்குப் போக வாற்கூடையில் இடம் தருக. கூடை நிறைந்திருந்தால், அங்குள்ள ஆடுகளுள் எது அதிகம் பறந்ததோ அதை அலகுமுனைக்கு உயர்த்துக. இது தவறாது நிறைவேறுக.

இலச்சினை கோணலாக விழுந்திருப்பதைப் பொறுத்தருள்க. நிழல் இப்போது குனிகிறது.