சிங்கப்பூர்–மெட்ராஸ், பத்து மணி நேரம்

9 நவம்பர், செவ்வாய்
விடியும் முன்பே மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. எஸ்டேட் ஆபீசில் என் கணக்குக் கிராணி மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது கும்பகோணத்திலிருந்து தங்கை காமுவின் தந்தி. அம்மாவுக்கு மோசம், உடனே வா.

கப்பலில் ஒரு வாரம். அம்மா தாங்கமாட்டாள். மலாக்காவுக்கு ஓடினேன். வெள்ளிக்கிழமை விமானத்தில் இடம். விமானக் கம்பெனிக் கவுண்டரில் சுவர் மேப்பைக் காட்டினார்கள்: சிங்கப்பூர்–மெட்ராஸ் ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு மைல், பத்து மணி நேரம். காலை ஏழுக்கு ஏறினால் அங்கே பிற்பகல் மூன்று. அவர்கள் கடிகாரம் நமக்கு இரண்டு மணி பின்னால். ராத்திரி ரயில். சனி காலை அம்மா முகம்.

10, புதன்
துரையிடம் லீவு – ஆயிற்று. போலீஸ் பாஸ் – ஆயிற்று. நாளை ஒன்றரைக்குக் காதர் பாய் டாக்சி. மாலை ஆறுக்கு ரோடு ஊரடங்கு. அதற்குள் பெர்ரியில் மூவார் ஆற்றைத் தாண்ட வேண்டும். அக்கரையில் ஊரடங்கு இல்லை, ராத்திரியே சிங்கப்பூர்.
மனைவி மங்களம் கம்பளிச் சட்டையைத் திணிக்கிறாள். "மேல குளிரும்னு சொல்றாங்க."

11, வியாழன்
காலையில் எஸ்டேட்டுக்குப் பக்கத்து ஊர் பெம்பானில் போஸ்டாபீஸ். காமுவுக்குத் தந்தி: புறப்பட்டுவிட்டேன், சனி காலை வருகிறேன்.

ஒன்றரைக்கு டாக்சி வந்தது. பெட்டியைத் தூக்கினேன். எங்களோடு இருக்கும் பெரியப்பா வாசலில் குறுக்கே நின்றார்.
"ஒன்ற மணியிலேருந்து மூணு வரைக்கும் ராகு காலம். ஆகாயத்துல போறவன் இதுல கால வைக்கலாமா? மூணு அடிச்சதும் கெளம்பு."
காதர் பாய்: "ரோட்டுல செக்கிங் ஜாஸ்தி லா. இப்ப போனாத்தான் ஆவும்."
பெரியப்பா அசையவில்லை.

மூன்றுக்குக் கிளம்பினோம். எஸ்டேட் கேட்டிலேயே அரை மணி சோதனை. சோற்றுப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். ஜாசின் தாண்டி இன்னொரு தடுப்பு, லாரி வரிசை. மூவார் துறையில் ஆறு பத்து.
காதர் பாய்: "பெர்ரி தூத்துப் பண்ணிட்டான் அண்ணே, மூடியாச்சு. இனிமே நாளைக்கிக் காலையிலதான் லா."
கெஞ்சினேன். சோல்ஜர் துப்பாக்கியை ஆட்டித் திரும்பச் சொன்னான்.

12, வெள்ளி
ஏழு மணிக்கு நான் துறையோரக் கடை பெஞ்சில். விமானம் போயிருக்கும். அடுத்தது அடுத்த வெள்ளி.

மதியம் வீடு. பெரியப்பா சொல்கிறார்: "தடுத்தது நல்லதுக்குத்தான்." சோற்றுத் தட்டை வீசி எறிந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை அவரிடம் கத்தினேன்.

அவர் ராகு காலம் பார்க்கும் காலண்டர் மெட்ராஸில் அச்சடித்தது. அதில் இருப்பது மெட்ராஸ் மணி. இங்கே ஒன்றரை என்றால் அங்கே பதினொன்றரைதான். தாராளமாகப் போயிருக்கலாம். இது எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். ஏன் வாயைத் திறக்கவில்லை? நாற்பது வயதில், பெட்டிமேல் உட்கார்ந்து, மூன்று அடிக்கட்டும் என்று காத்திருந்தேன். எனக்கும் பயம். கிழவரைத் திட்டி என்ன.

மங்களம்: "வரலன்னு காமுவுக்கு ஒரு தந்தி குடுத்துடுங்க."
வேண்டாம் என்றேன். வருகிறான் என்ற நினைப்பிலாவது அம்மா உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும்.

13, சனி
வேலைக்குப் போனேன். பால் தராசுப் பக்கம் இரண்டு பேர்:
"கிராணி ஊருக்குப் போவலியா?"
"பிளேன் பறக்கலையாம்."
பறந்தது. நேற்று நல்ல வெயில். நன்றாகவே பறந்திருக்கும்.

15, திங்கள்
காமுவின் தந்தி. அம்மா சனி மாலை போய்விட்டாள். காலையிலிருந்து வாசலையே பார்த்தாள். நீ எங்கே இருக்கிறாய்?

போஸ்டாபீசில் பதில் தந்திக்குப் பாரம் வாங்கினேன். அனுப்புபவர் ஊருக்கு ஒரு கட்டம். அதில் பெம்பான் என்று எழுத வேண்டும்.