எல்லோருக்கும் ஒரே கடிதம்

கொரட்டூர்
19 மே 2025, இரவு ஒரு மணி

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெபா எழுதுகிறேன். அம்மாவின் பழைய போனில், போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். கதவுக்கு வெளியே ஹாலில் ஃபெலிக்ஸ் மாமா படுத்திருக்கிறார். நீங்கள் ஆம்ஸ்டர்டாம் போன இந்த இரண்டு வருடத்தில் மாமா தன் வெள்ளானூர் வீட்டைவிட இங்கேதான் அதிகம் இருக்கிறார். நான் இருமினால்கூட "இன்னாடி சத்தம்?" என்று குரல் வரும்.

பத்தாவதில் என் மதிப்பெண்ணைப் பாராட்டி நேற்றைய ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் மாமா என்னைப் பதினொன்றாவதில் சேர்க்கப்போவதில்லை. மாமாவுக்கும் ஹெலினா அத்தைக்கும் இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது இல்லையா? "பொட்டப்புள்ள பட்ச்சது போதும். கொயந்தைங்கள பாத்துக்கினு பிரைவேட்டா எய்து" என்கிறார். நான் படிக்கணும் மாமா என்று ஒரே ஒருமுறை சொன்னேன். ஸ்டீல் ஸ்கேலால் அடித்தார். முழங்கையில் தடிப்பு இன்னும் இருக்கிறது. அம்மா வழக்கம்போல, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

எங்கள் தலைமையாசிரியை கோமளா மிஸ்ஸிடம் பயந்து பயந்து சொன்னேன். "உங்க அப்பா எனக்கு ரெண்டு வரி மெயில் போடட்டும். முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை வரைக்கும் உன் சீட்டை யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார். அவருடைய முகவரியைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

அப்பா, தயவுசெய்து மிஸ்ஸுக்கு மட்டும் எழுதுங்கள். வாராவாரம் நாம் எல்லோரும் படிக்கிற 'குடும்பம்' முகவரிக்கு இதைப் போட்டுவிடாதீர்கள். மாமாவுக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்
ஜெபா


ஆம்ஸ்டர்டாம்
25 மே 2025, ஞாயிறு
பெறுநர்: குடும்பம்

அன்பான ஜெயா, ஃபெலிக்ஸ் மச்சான், ஹெலினா, ஜெபா, எல்லோருக்கும்,

கர்த்தருடைய கிருபையால் நலம். இங்கே மழை விடவில்லை. ஜூன் ஐந்து எங்களுக்குப் பெரிய நாள். கொரியாவில் நடக்கும் ஓர் அறுவை சிகிச்சையைப் பதினோரு நாடுகளின் மருத்துவக் கல்லூரிகள் ஒரே நேரத்தில் பார்க்கப்போகின்றன. மல்டிகாஸ்ட் என்போம். படம் கொரியாவில் இருந்து ஒரே ஒருமுறைதான் கிளம்பும். வழி பிரிகிற இடத்தில்தான் நகலாகும். ஒவ்வொரு நாட்டின் ஆராய்ச்சி வலையமைப்பும் தன் கதவைத் திறந்தால்தான் அடுத்த நாட்டுக்குப் போய்ச் சேரும். எல்லோரையும் பேசிச் சம்மதிக்க வைப்பதுதான் என் வேலை. ஒருவரிடம் தனியாக ஒன்றைச் சொல்லி மற்றவர்களிடம் மறைத்தால் அங்கேயே எல்லாம் கெட்டுப்போகும்.

வீட்டிலும் எனக்கு அதே முறைதான். ஜெபா எனக்குத் தனியாக எழுதியிருக்கிறாள். மச்சான் அடித்ததாகவும், பள்ளியில் சேர்க்க மறுப்பதாகவும் சொல்கிறாள். அவளுடைய கோமளா மிஸ்ஸுக்கு யாருக்கும் தெரியாமல் மெயில் போடச் சொல்லிக் கேட்கிறாள். மச்சான், உங்களுக்குத் தெரியாமல் நான் எதுவும் செய்ய மாட்டேன். குழந்தையை அடிக்க வேண்டாம் என்று மட்டும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன். எல்லோரும் கலந்து பேசி ஒரு முடிவை எழுதுங்கள்.

அன்புடன்
சத்தியராஜ்


கொரட்டூர்
26 மே 2025, இரவு பதினொன்றரை மணி

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாங்கள் ஆளுக்கொரு போனில் படிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? ஞாயிறு குடும்ப ஜெபத்தில், சங்கீதம் படித்து முடித்ததும், மாமாதான் சத்தமாக வாசிப்பார். நேற்றும் வாசித்தார். கொரியா வரைக்கும் நன்றாகவே வாசித்தார். 'ஜெபா எனக்குத் தனியாக' என்ற இடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மிச்சத்தையும் ஒரு சொல் விடாமல் வாசித்தார். பிறகு ஜெபம் பண்ணினார். ஆமென் சொன்ன பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா மகாராணி, ராவுல நைனாவுக்கு லெட்டர் போட்டுகினு கீறியா? நான் அட்ச்சேன்னு எய்தினியாமே. அது அடியா? அடின்னா இன்னான்னு காட்டட்டா?"

"அண்ணே, வுட்டுடு. ஞாயித்துக்கெழமை" என்றாள் அம்மா. அவளுக்கு அதுதான் தோன்றியது.

மாமாவும் அதற்கு மரியாதை கொடுத்தார். இன்று திங்கட்கிழமை. எங்கே அடித்தார் என்று எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த ஞாயிறு அதையும் அவரே வாசிப்பார்.

போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். ராத்திரி பார்த்தால் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அம்மாவிடம்தான் இன்னொரு சாவி உண்டு. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை என்று தெரிகிறது.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது அப்பா. நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை. என்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மிஸ்ஸுக்கு ரெண்டே வரி. எனக்குப் பதில்கூடப் போட வேண்டாம்.

ஜெபா


ஆம்ஸ்டர்டாம்
1 ஜூன் 2025, ஞாயிறு
பெறுநர்: குடும்பம்

அன்பான எல்லோருக்கும்,

நலம். இந்த வாரம் மூச்சுவிட நேரமில்லை. ஜப்பானும் பிரேசிலும் கடைசி வரை இழுத்தடித்து, நேற்றுதான் கதவைத் திறந்தார்கள். ஒவ்வொருவரிடமும் பொறுமையாகப் பேச வேண்டியிருந்தது.

ஜெபாவின் படிப்பு பற்றி உங்கள் ஒருமித்த முடிவுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. எல்லோரும் சம்மதிக்காமல் நான் மட்டும் பள்ளிக்கு எழுதுவது சரியாக இருக்காது என்று விட்டுவிட்டேன். ஜெபா, மாமா உன் நன்மைக்குத்தான் சொல்வார். அவர் மனம் நோகும்படி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டுவிடு.

வியாழக்கிழமை நிகழ்ச்சியின் லிங்க் கீழே இருக்கிறது. இந்திய நேரம் பகல் பதினொன்றரை. நானும் திரையில் வருவேன். தவறாமல் பாருங்கள்.

அன்புடன்
சத்தியராஜ்


வெள்ளானூர்
6 ஜூன் 2025, இரவு

அப்பாவுக்கு,

இது ஹெலினா அத்தையின் போன். அத்தை தூங்குகிறார். அனுப்பியதும் அழித்துவிடுவேன். மூன்றாம் தேதி என்னை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். என் சீட்டைச் சனிக்கிழமையே வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களாம், என்கூடப் படித்த தீபிகா சொன்னாள். மிஸ் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரை கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாராம்.

மாமாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். முழங்கால் போட்டுக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

உங்கள் நிகழ்ச்சியைப் பார்த்தேன். ஒரு குழந்தை மடியில், இன்னொன்று தூளியில். "நம்ம மாப்ள டிவில வர்றாரு பாரு" என்று அத்தை பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். இளைத்திருக்கிறீர்கள். ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு நாடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உங்களுக்குக் கேட்கிறதா என்று விசாரித்தீர்கள். பிரேசிலில் இருந்து மட்டும் கேட்கவில்லை என்றார்கள். உடனே எல்லோரையும் நிறுத்தினீர்கள். அவர்களுக்குக் கேட்கும் வரை யாரும் ஆரம்பிக்க வேண்டாம் என்றீர்கள். பன்னிரண்டு நிமிடம். நான் மணி பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு டாக்டர் அலுத்துக்கொண்டார். நீங்கள் அவரிடமும் பொறுமையாகத்தான் பேசினீர்கள்.

அவ்வளவு பொறுமையாக உங்களால் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

இனிமேல் உங்களை ஒன்றும் கேட்க மாட்டேன். தீபிகா தன் புத்தகங்களின் நகலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள். எப்படி, எங்கே என்பதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

இதற்குப் பதில் எழுதாதீர்கள். எழுதினால் எல்லோருக்கும் எழுதிவிடுவீர்கள்.

ஜெபா