சொல்லாமல் வந்த மாப்பிள்ளை

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் அப்பாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனதை மட்டும் கேட்காதே, அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ நலமாகத்தான் இருப்பாய், உன்னைப் பற்றிய சமாச்சாரமெல்லாம் இப்போது எங்களுக்கு நேரிலேயே கிடைத்துவிட்டது. இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்தவர் எதிரேதான் நின்றுகொண்டிருப்பார். பயிற்சிக்காக வெளியூர் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாராமே, அவர் இங்கேதான் வந்திருந்தார். ஆமாம், நம் வீட்டுக்கு. முதலில் உட்கார், அப்புறம் படி. அவருக்குத் தமிழ் பேச வருகிறதே தவிர ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் மைதானத்தில் பல் டாக்டரம்மாவுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊரில் பாதிப் பேரின் பல்லைக் கை நடுங்காமல் பிடுங்குகிற அந்த அம்மா ரிவர்ஸ் கியர் விழுந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார். வண்டி பின்னால் போய்க்கொண்டிருக்கும்போது கண்ணாடியில் பார்த்தால், நெடுநெடுவென்று ஒரு வெளிநாட்டுக்காரர் தோளில் பையோடு நட்டநடுவில் நிற்கிறார். என் பக்கத்து பிரேக்கை ஒரே மிதி மிதித்துவிட்டு, நாலு வார்த்தை கேட்கலாம் என்று இறங்கினேன். அவர் கிட்டே வந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பதறாதம்மா, நல்ல விஷயம்தான்” என்றார். சின்ன வயதிலிருந்து எதையாவது உடைத்துவிட்டு வந்து நீ சொல்வாயே, அதே சொல், அதே இழுவை, ‘நல்ல’வில் ஓர் அழுத்தம். உன் குரலை எடுத்து ஓர் ஆண்பிள்ளை தொண்டையில் மாட்டிவிட்டதுபோல இருந்தது. உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று எண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா ஓடிவந்து என் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார், அந்த வெளிநாட்டுக்காரர் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டுகிறார். அப்புறம் போனைத் திறந்து படத்தைக் காட்டினார். ஏதோ பதிவு அலுவலகத்துக் கவுண்டர், நீல உடையில் நீ, நான் வாங்கி அனுப்பிய கம்மல் உன் காதில், உன் கை அவர் கையில். இரண்டு வருஷத்துக்கு முந்தைய படமாம். சிட்டு, இரண்டு வருஷமாக வாராவாரம் என்னோடு போனில் பேசுகிறாய். குழாய் ஒழுகுவதைச் சொன்னாய், மேலதிகாரி சிடுசிடுப்பதைச் சொன்னாய், செருப்பு அறுந்ததைக்கூடச் சொன்னாய். இதைச் சொல்ல மட்டும் உனக்கு வாய் வரவில்லையா? நாங்கள் என்ன புலியா, கரடியா?

வீட்டுக்குக் கூட்டி வந்தேன், வேறென்ன செய்ய. வீடு பூட்டியிருந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் விசாரித்துத்தான் மைதானத்துக்கு வந்தாராம். கையை ஆட்டி ஆட்டி, தெரியாத சொல்லுக்குப் போனைத் தட்டித் தட்டி எல்லாம் சொன்னார். தான் லிஃப்ட் மெக்கானிக், உங்கள் ஆஸ்பத்திரி லிஃப்டில் நீ ரத்தப் பரிசோதனைக் குப்பிகளோடு மாட்டிக்கொண்டபோது கதவைப் பிளந்து வெளியே இழுத்தது தான்தான், அதற்கு நீ நன்றி சொல்லாமல் ஏன் இவ்வளவு நேரம் என்று திட்டினாய், அன்றைக்கே பிடித்துப்போய்விட்டது என்றார். நீ வேலை பார்க்கும் நாட்டில் அவருடைய ஒப்பந்தம் முடியப்போகிறது, அவர் தன் நாட்டுக்குத் திரும்ப வேண்டும், மனைவியாக உன்னையும் அங்கே அழைத்துப் போய்க் குடியிருக்க விசா கேட்டிருக்கிறீர்கள், மறுத்துவிட்டார்கள். பெண் வீட்டில் ஒருவருக்கும் இந்தக் கல்யாணம் தெரியவில்லை, குடும்பத்தோடு எடுத்த ஒரு படம்கூட இல்லை, இது விசாவுக்காகச் செய்த கல்யாணமாக இருக்கலாம் என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு நீ சாப்பிடாமல் கிடந்தாயாம், அம்மாவிடம் சொல்லலாம் என்று அவர் சொன்னால், வேண்டாம் என்று கத்தினாயாம். அவர் உனக்குத் தெரியாமல் மறுபரிசீலனைக்கு எழுதிப்போட்டு, பெண்ணின் பெற்றோரை இங்கே இருக்கும் அவர் நாட்டு விசா அலுவலகத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு, அவர்களும் சரி என்று வெள்ளிக்கிழமைக்கு நேரம் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் எப்படிப்பட்டவர்கள் என்றே தெரியாமல், கதவைத் திறப்போமா என்றுகூடத் தெரியாமல் விமானம் ஏறியிருக்கிறார். தைரியமா பைத்தியமா என்று எனக்கு விளங்கவில்லை.

உன் அப்பா மதியம் வீடு வீடாகக் கரண்ட் மீட்டர் பார்த்துவிட்டு வந்தார். நடுக்கூடத்தில் ஓர் அன்னியர் எழுந்து நிற்பதைப் பார்த்ததும், கையிலிருந்த டார்ச்சை அணைக்கக்கூட மறந்து அப்படியே நின்றுவிட்டார். நான் விஷயத்தைச் சொல்லி முடித்தேன். சட்டையைக் கழற்றி மாட்டினார், முகம் கழுவினார், நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். வைத்தது வைத்தபடி சாப்பாடு ஆறுகிறது. உன் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கிறார், உன் அப்பாவைப் பார்க்கிறார், மெல்ல எழுந்து போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு, “என்னப்பா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்க? வா, சாப்பிடு” என்கிறார். உன் அப்பாவை அவருடைய அண்ணனே அப்படி ஒருமையில் பேசியதில்லை. பாவம், உன் வீட்டுக்காரருக்கு அது மரியாதையான பேச்சு என்று எண்ணம், ஒருவர் வருத்தமாக இருந்தால் இப்படித்தான் கேட்க வேண்டும் என்று உன்னிடமிருந்து படித்திருக்கிறார். கோபித்துக்கொண்டு உட்கார்ந்தால் நீ அவரை அப்படித்தான் கேட்பாய் போலிருக்கிறது. உன் அப்பா திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார், எழுந்து குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டார், குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. சாப்பிட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை வரைக்கும் உன் வீட்டுக்காரரிடம் ஒரு பேச்சு இல்லை. காப்பி வேண்டுமா என்று என்னை விட்டுக் கேட்கச் சொல்வார், என்னவோ நான்தான் மொழிபெயர்ப்பாளர் என்பதுபோல.

வெள்ளிக்கிழமை அந்த அலுவலகத்துக்குப் போனோம். எட்டாவது மாடி, குளிர் தாங்க முடியாத ஏசி, வரிசையாக நாற்காலிகள். எல்லோர் மடியிலும் ஒரு கட்டுக் காகிதம். உன் வீட்டுக்காரரை வெளியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு எங்கள் இருவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். ஓர் அதிகாரியம்மா, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். நான் தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் போயிருந்தேன், சிட்டு. எல்லாம் முதலிலிருந்தே தெரியும், எங்கள் சம்மதத்தோடுதான் நடந்தது, விடுமுறை கிடைக்காததால் வர முடியவில்லை என்று ஒப்பித்துவிடுவது என்று. கல்யாணம் எப்போது தெரிய வந்தது என்று அந்த அம்மா கேட்டதும் வாயைத் திறந்தேன். உன் அப்பா என் முழங்கையைத் தொட்டு நிறுத்திவிட்டு, “செவ்வாய்க்கிழமை வரைக்கும் எங்களுக்குத் தெரியாது” என்றார். போச்சு, எல்லாம் போச்சு, இந்த மனிதர் பழி வாங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பிறகு இது உண்மையான கல்யாணம் என்று எதை வைத்து நம்புகிறீர்கள் என்று கேட்டார். உன் அப்பா சொன்னார், “அவர் பேசற தமிழு என் பொண்ணோட தமிழு. அவ கொஞ்சறதும் அதுல இருக்கு, எரிஞ்சு விழறதும் இருக்கு. பாடம் எடுத்தெல்லாம் அப்படி வராதுங்க. தினம் கூடவே இருந்து வாங்கிக் கட்டிக்கிட்டவருக்குத்தான் வரும்.” அந்த மொழிபெயர்ப்புப் பெண் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு, வாங்கிக் கட்டிக்கொள்வதை எப்படிச் சொல்வது என்று தடுமாறி, ரொம்ப நேரம் விளக்கினாள். அதிகாரியம்மா எதிர்ப்பு ஏதாவது உண்டா என்று கேட்டார். “எங்ககிட்ட மறைச்சது தப்பு. அத அவகிட்ட நாங்க பேசிக்கறோம். எங்க மாப்பிள்ளையையும் அவளையும் சேர்ந்து இருக்க விடுங்க” என்றார். மாப்பிள்ளை என்றார், சிட்டு. அதுவரை அவரை ‘அந்த ஆள்’ என்றுகூடக் குறிப்பிடாத மனிதர்.

வெளியே வந்து லிஃப்டுக்காக நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே கையெழுத்துப் போட்ட இடத்துக்கு மேலே ‘நிரந்தரமாக வசிக்க’ என்று இருந்ததை அந்தப் பெண் படித்துக் காட்டியிருந்தாள், அவசரத்தில் அரைக்காதில் வாங்கிக்கொண்டு போட்டுவிட்டேன். நீ வேலைக்குத்தான் போயிருக்கிறாய், ஒப்பந்தம் முடிந்தால் வந்துவிடுவாய் என்று உன் அறையை இன்னும் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறேனே. இனிமேல் நீ வருவதென்றால் வந்துவிட்டுப் போவதுதான். அதற்கு நானே வண்டி ஓட்டிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். இதை உன் அப்பாவிடம் சொன்னதற்கு, செவ்வாய்க்கிழமையே தெரியும், அதனால்தான் அத்தனை நாளும் பேச முடியவில்லை என்றார். மாப்பிள்ளை எதுவும் புரியாமல், லிஃப்டுக்குள் ஏறியதும் அதன் மேல்தகட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், கீழே இறங்கியதும் இதற்கு எண்ணெய் போட வேண்டும் என்றார்.

நேற்றுக் காலையில் பதில் வந்துவிட்டது, அவரே உன்னிடம் சொல்லியிருப்பார். போனைப் படித்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்று அழுதார், நானும் அழுதேன், உன் அப்பா மீட்டர் பார்க்க நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். ஒரு விஷயம் கேட்டுக்கொள். அவர் பொய் சொல்லிவிட்டு வந்தார் என்று அவரைப் போட்டு வறுக்காதே, பொய்யில் நீ அவருக்கு அக்கா. அந்த ஊரில் குளிர் எலும்பைத் துளைக்குமாம், கழுத்தை மூடிக்கொண்டு நட. அவர் நாட்டில் சாலையின் மறுபக்கம் வண்டி ஓட்டுவார்களாம், ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்னால் யாரிடமாவது முறையாகக் கற்றுக்கொள், மாப்பிள்ளையிடம் மட்டும் கற்றுக்கொள்ளாதே, இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு எதிலாவது மோதுவீர்கள். அவருக்கு ‘நீங்க’, ‘வாங்க’ சொல்லிக்கொடு, என்னிடம் எப்படிப் பேசினாலும் போகட்டும், என் தம்பி வீட்டுக்கு வரும்போது மானம் போய்விடும். போன் பண்ணும்போது முதலில் அப்பாவிடம் பேசு, அவர் எதுவும் கேட்கமாட்டார், நீயாகவே சொல்.

இவ்வளவு எழுதிவிட்டு மடிக்கலாம் என்று பார்த்தால் உன் அப்பா இப்போதுதான் உள்ளே வருகிறார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்து மேசை மேல் வைத்தார். பிரித்துப் பார்த்தால் பாஸ்போர்ட்டுக்கு எடுக்கிற போட்டோ, தலையை அழுந்த வாரிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு அவரேதான். இந்த மனிதர் ஊர் எல்லையைத் தாண்டுவதற்கே ஒரு வாரம் யோசிப்பவர். எதற்கு என்று கேட்டேன், சும்மாதான் என்றார். நாளைக்கு நீயும் போய் எடுத்துக்கொண்டு வந்துவிடு, காதை மறைக்காமல் உட்காரச் சொல்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

நீங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இன்னும் திகைப்பு அடங்காத,
உன் அம்மா