உள்ளேயிருந்து திட்டுகிறவள்

3.7.2006, திங்கள்

காலை ஷிப்ட். ராத்திரி அன்பு இரண்டு முறை இருமினான். எழுந்து போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். "இன்னாமா நீ, தூங்க வுடு" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். பத்தொன்பது வயசுப் பிள்ளை.

அப்புறம் எனக்குத் தூக்கம் ஏது. அவள் ஆரம்பித்துவிட்டாள். எனக்குள்ளே ஒருத்தி இருக்கிறாள், வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தை மாசம் என் வீட்டுக்காரர் செத்ததிலிருந்து வாயே மூடுவதில்லை. "நெஞ்சு வலின்னு சொன்ன மனுஷனுக்கு ஓமத்தண்ணி காய்ச்சிக் குட்த்துட்டு ஷிப்டுக்குப் போனவதானே நீ. இப்ப புள்ள இருமுறான். படுத்துக்கினு கேட்டுக்கினு இரு."

அவருக்கு அடிக்கடி வாயு பிடிக்கும். ஓமத்தண்ணீர் குடித்து ஏப்பம் விட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன். மத்தியானம் கம்பெனி கேட்டுக்கு ஆள் வந்து சொன்னான். இதை எத்தனை தடவை சொன்னாலும் அவள் காதில் ஏறாது.

6.7.2006, வியாழன்

போயிருக்கக் கூடாது. சொல்லச் சொல்லக் கேட்காமல் கால் போய்விட்டது.

அன்பு அத்திப்பட்டு பவர் பிளான்ட்டில் கான்ட்ராக்டில் இருக்கிறான், வெல்டருக்கு ஹெல்பர். காலையில் மறுபடி இருமிவிட்டுப் போனான். எனக்குச் சோறு இறங்கவில்லை. லீவு சொல்லிவிட்டு, இருமல் மருந்தும் பிளாஸ்க்கில் சுடுதண்ணீரும் எடுத்துக்கொண்டு ரயிலேறிப் போய் அங்கே கேட்டில் நின்று ஆள் விட்டுக் கூப்பிட்டேன். வந்தான். கூடவே நாலு பசங்க. "டேய் அன்பு, உங்கம்மா பால் பாட்டில் எட்த்துனு வந்துக்குதுடா" என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்பு சிரிக்கவில்லை. பிளாஸ்க்கை வாங்கவும் இல்லை. அப்போதுதான் பார்த்தேன், முழங்கைக்குக் கீழே துணிக்கட்டு. வெல்டிங் பொறி பட்டு வெந்ததாம். போன வாரமே. வீட்டில் முழுக்கைச் சட்டை போட்டு மறைத்திருக்கிறான்.

8.7.2006, சனி

ஏன்டா சொல்லல என்று கேட்டேன்.

"சொன்னா இன்னா பண்ணுவ? ஊரையே கூட்டுவ. அதுக்கு வெந்துட்டுப் பேசாம கெடக்கலாம்."

கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றாம் தேதியிலிருந்து அத்திப்பட்டிலேயே பசங்களோடு ரூம் எடுத்துத் தங்கப்போவதாகச் சொன்னான்.

இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

13.7.2006, வியாழன்

கம்பெனியில் எனக்கு பாட்டில் மூடி செக்கிங். இன்றைக்கு சூப்பர்வைசர் யேசுதாஸ் சார் வந்து நின்றார். "ஏம்மா கன்னியம்மா, நல்ல மூடியெல்லாம் ரிஜெக்ட் டப்பால கெடக்குது. எல்லாத்தையும் நீ கழிச்சுட்டா பாட்டிலுக்கு இன்னா, துணியா கட்டி அனுப்புறது?"

லைனில் பெண்கள் சிரித்தார்கள். நான் என்ன செய்வேன். எந்த மூடியை எடுத்தாலும் எங்கோ ஒரு கீறல் இருக்கிற மாதிரியே தோன்றுகிறது. விட்டால் அவள் கத்துவாள்.

சாப்பாட்டு மணிக்குத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கிளினிக்குக்கு வியாழக்கிழமை ஒரு பொண்ணு வருது, மனசு விட்டுப் பேசலாம், போய்ப் பார் என்று.

"எனக்கு இன்னா பைத்தியமா சார்?"

"என் சம்சாரமும் அங்கதான் போச்சும்மா, எங்க மூத்த பொண்ணு தவறினப்போ. அது பைத்தியமா?"

16.7.2006, ஞாயிறு

பக்கத்து வீட்டு முத்தம்மாள், "உனுக்குள்ள இன்னாவோ பூந்துக்குதுடி, பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போய் வேப்பஞ்சேலை கட்டினு வா" என்கிறாள். எது பூந்திருந்தாலும் அதற்கு என் குரல்தான் இருக்கிறது.

20.7.2006, வியாழன்

போனேன். அந்தக் கிளினிக் பெண்ணுக்கு ஜபீன் என்று பெயர். பழவேற்காட்டுப் பெண், என்னைவிடச் சின்னவள். சுனாமிக்கு அப்புறம் துக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து பேச அங்கே இவளைப் பழக்கினார்களாம்.

உள்ளே கத்துகிறவள் வாயை மூட மாத்திரை இருக்கிறதா என்று கேட்டேன்.

"மூட வைக்க வேணாங்க்கா. இவ்ளோ கத்துறாங்கன்னா எதுக்கோ பயப்படுறாங்க. திட்டுறவங்க ஒருத்தர் உள்ள இருக்காங்க. திட்டு வாங்கி அழுறவங்க ஒருத்தர். ரெண்டு பேரையும் பார்த்துட்டு வந்து எங்கிட்ட சொல்றீங்களே, அது யாரு? அவங்க நிதானமாத்தானே இருக்காங்க. அவங்களையே திட்டுறவங்ககிட்ட கேக்கச் சொல்லுங்க. நீ கத்தாம இருந்தா இன்னா ஆயிடும்னு பயப்படுறே?"

"நான் போய் அவளாண்ட கேக்கணுமா? நல்லாக்கீது கதை."

பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வந்தது. இறங்குவதற்குள் அழுகை.

23.7.2006, ஞாயிறு

கேட்டேன். பதிலுக்குத் திட்டுதான் விழுந்தது.

27.7.2006, வியாழன்

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள் ஜபீன். உள்ளே திட்டுகிறவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். தொண்டைக்குக் கீழே. கல் மாதிரி. என்ன வயசு இருக்கும்? என் மாமியார் வயசு இருக்குமென்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பார்த்தால் — குட்டிப் பெண். பாவாடை. இடுப்பில் என் தம்பி.

ஐந்தாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். அம்மா நடவுக்குப் போகும்போது தம்பியை என் இடுப்பில் வைத்துவிட்டு, "அவன் மேலருந்து கண்ண எட்த்தே, தோலை உரிச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போகும். அந்தக் குட்டிப் பெண் இன்னும் கண்ணை எடுக்கவில்லை.

இப்போது கேட்டதற்குப் பதில் சொன்னாள். "நான் சும்மா இருந்தா அன்பும் பூடுவான்."

அவளைப் பார்த்தால் இப்போது எப்படி இருக்கிறது என்று ஜபீன் கேட்டாள். பாவமா இருக்குது என்றேன். அதை அவளிடமே சொல்லுங்கள் என்றாள். எனக்கு அப்படியெல்லாம் பேசத் தெரியாது. வாயில் வந்தது இதுதான்: "நாஷ்டா துன்னியா?"

ஜபீன் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை போல. யார் அழுதது, அவளா நானா என்று தெரியவில்லை.

30.7.2006, ஞாயிறு

அன்பு பையில் துணி அடுக்குகிறான். அவள் உள்ளே குதிக்கிறாள். அனுப்பாதே, கால்ல வுழு, செத்துடுவேன்னு சொல்லு. தெரியுது, எனக்கும் பயமாத்தான் இருக்குது, இப்படி என் பக்கத்துல உக்காரு என்று சொன்னேன். நிறுத்தவில்லை. சத்தம் கொஞ்சம் இறங்கியது.

இட்லிப்பொடி அரைத்துக் கொடுத்தேன்.

"இன்னா, மருந்துப் பாட்டில் வைக்கலியா?" என்றான் கிண்டலாக.

"வேணும்னா நீயே வாங்கிக்க."

கையில் பொடி டப்பாவோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

1.8.2006, செவ்வாய்

போய்விட்டான். சோறு அதிகமாக வடித்துவிட்டேன்.

10.8.2006, வியாழன்

மோசமான நாள். ஷிப்ட் முடிந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய் அத்திப்பட்டுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ரயில் வந்தது. ஏறவில்லை. அடுத்த ரயிலும் வந்து போனது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அவளோடு மல்லுக்கட்டினேன். இல்லை, மல்லுக்கட்டவில்லை. ஓமத்தண்ணி, ஓமத்தண்ணி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முழுக்கச் சொல்ல விட்டேன். அப்புறம் சொன்னேன். "அவருக்கு நல்லாவணும்னுதானே குட்த்தோம். டாக்டருக்கா படிச்சோம் நாம? தெரிஞ்சது அவ்ளோதான்."

 அவர் போன பிறகு இப்போதுதான் வெறுமனே அவரை நினைத்து அழுதேன். எந்தச் சண்டையும் இல்லாமல்.

24.8.2006, வியாழன்

ஜபீனிடம் போனேன். உள்ளே இருந்தவள் போய்விட்டாளா என்று கேட்டாள். எங்கே போவாள், இருக்கிறாள். இன்றைக்குக்கூட குக்கர் விசிலுக்கு ஒரு கத்து கத்தினாள்.

4.9.2006, திங்கள்

காலையில் தெருமுனை கோபால் கடைக்கு எனக்கு போன் வந்தது. அன்பு.

"அம்மா, ரெண்டு நாளா ஜுரம். கத்தாத. ஆஸ்பத்திரிக்குப் போவணும், நீ வந்தியானா நல்லாயிருக்கும்."

உள்ளே ஒருத்தி எழுந்து ஓடினாள். "வா, நீயும்தான் வா. மெதுவா வா" என்று கூட்டிக்கொண்டு ரயிலேறினேன்.

ஆளே இளைத்திருந்தான். தாடி வேறு. ஆஸ்பத்திரியில் என் தோளில் சாய்ந்துகொண்டான், நான் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்து, "பையனுக்கு இன்னாமா பண்ணுது?" என்றார். வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டு அன்பைப் பார்த்தேன்.

அவனே சொன்னான். ஜுரம், தலைவலி, அப்புறம் என்னிடம் இதுவரை சொல்லாத ஒரு முதுகு வலியையும்.