மாப்பிள்ளை வாங்கி வந்த கழுத்துப்பானை

நவம்பர் 3, திங்கள்

பல்வலி பரவாயில்லை. இடது பக்கமாக மென்றால் ஒன்றும் தெரியவில்லை.

காலையில் மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளைக்கு ஆறு மணி நேரம் தள்ளியிருக்கும் ஊரில் கிளைப் பொறுப்பு தருகிறார்களாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "எனக்குப் போக இஷ்டமில்லப்பா. அவரும் இங்கயே இருந்துடலாம்னுதான் சொல்றார். பார்க்கலாம்."

அவன் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவன். நாற்காலியில் உட்கார்ந்தவனிடம் "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று நாள் முழுக்கக் கேட்பது ஒரு வேலை. அதில் பொறுப்பு வேறு கொடுக்கிறார்கள். எனக்கு வேண்டியதெல்லாம் என் பெண் மாடியில் இருப்பதுதான். அவனை மட்டும் அங்கே அனுப்பிவிட்டு இவளை இங்கே வைத்துக்கொள்ள வழியிருந்தால் இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

நவம்பர் 8, சனி

அவனோடு கடைக்குப் போய்வந்தேன். சிமினியா என்று ஒன்று வாங்க வேண்டுமாம். பெயரைக் கேட்டதும் ஏதோ காய்ச்சல் மருந்து என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் வயிறு பெருத்த மண்பானை. வயிற்றில் ஒரு வாய், மேலே நீளக் கழுத்து. வாய்க்குள் விறகு வைத்து எரித்தால் புகை கழுத்து வழியாகப் போகும், முன்னால் உட்கார்ந்து குளிர் காயலாம். இதற்கு ஒரு கடை, கடைக்கு ஒரு கூட்டம்.

"மாமா, நீங்க பாய்லர்ல இருந்தவர். கூட வந்து பார்த்துச் சொல்லுங்க" என்று கூப்பிட்டிருந்தான். நானும் சொன்னேன், இரும்பில் இருப்பதை எடுங்க என்று. முப்பத்து மூன்று வருடம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துப் பாய்லரைக் கட்டி மேய்த்தவன் சொல்கிறேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே மண்ணுக்குப் போனான். இரும்பு துருப்பிடிக்குமாம், தொட்டால் கை வெந்துவிடுமாம். மண் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறுமாம். பிறகு அங்கிருந்த ஏழு பானைகளையும் விரலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டான். உள்ளே கையை விட்டு மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று தடவினான். சுவர் எத்தனை விரல் கனம், கால் வைக்கும் இரும்பு வளையம் ஆடுகிறதா, கழுத்துக்கு மூடி உண்டா? கடைக்காரர் இரண்டு தடவை கொட்டாவி விட்டார். எனக்கு அந்த மனுஷன் மேல்தான் பரிதாபமாக இருந்தது.

கடைசியில் கூடவே கொடுத்த கையேட்டை வாங்கி நின்ற இடத்திலேயே படிக்க ஆரம்பித்துவிட்டான். இனி இந்த நோட்டில் அவன் பெயர் கையேடு.

நவம்பர் 9, ஞாயிறு

பானை வந்து இறங்கியது. இரண்டு ஆள் தூக்கினார்கள். கையேடு டேப்பைப் பிடித்துக்கொண்டு பின்கட்டு முழுக்க அளந்தான். சுவரிலிருந்து பத்தடி, துணிக்கொடியிலிருந்து பதினைந்தடி, தலைக்கு மேல் மரக்கிளை கூடாது, அடியில் கல் பாவியிருக்க வேண்டும், மட்டம் பார்க்க வேண்டும். மட்டப்பலகை வைத்துப் பார்த்தான். நாங்கள் எட்டு டன் பாய்லர் இறக்கியபோதுகூட இவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லை.

பிறகு பானையின் வயிற்றுக்குள் பாதி மணல் கொட்டினான், தீ மண்ணைத் தொடக்கூடாதென்று. பக்கத்தில் இன்னொரு வாளி மணல். அது எதற்கென்று கேட்டேன். "அணைக்கறதுக்கு மாமா. தண்ணி ஊத்தக்கூடாதுன்னு போட்டிருக்கு."

போட்டிருக்கிறதாம். சூடேறிக் காய்ந்த தகட்டில் பச்சைத் தண்ணீர் விடாதே என்பது பாய்லர்காரனுக்கு முதல் நாள் பாடம். எனக்கே சொல்கிறான். "அப்படியா மாப்ள" என்றேன். வேறென்ன சொல்ல முடியும், பெண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

இரண்டு காகிதம், பத்து குச்சி. ஐந்து நிமிடம் எரிந்தது. பானையைப் பழக்குகிறானாம். இப்படி ஏழு சின்னத் தீ போட்டு, ஒவ்வொன்றும் தானாக ஆறிய பிறகுதான் கட்டை வைக்கலாமாம். பல் முளைக்காத குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் எதிரே குந்தி உட்கார்ந்திருக்கிறான். மகள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரிக்கிறாள். கேலிச் சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை.

நவம்பர் 13

ஐந்தாவது தீ. எனக்குத்தான் பொறுமை போய்விட்டது.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று சாயங்காலம் கட்டை வைத்து எரித்தான். நன்றாகக் காய்ந்த கட்டை, மூன்றே மூன்று. மண்ணெண்ணெய் கிடையாது, பெட்ரோல் கிடையாது. நாலு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வீட்டுக்காரி டீ கொண்டு வந்தாள். முட்டிக்குச் சூடு இதமாகத்தான் இருந்தது. மண்ணுக்கு அந்தக் குணம் உண்டு, அதில் இவன் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

நான் இன்னும் இரண்டு கட்டை போடச் சொன்னேன். "கழுத்துக்கு மேல தீ வந்தா அதிகம்னு அர்த்தம் மாமா. இது போதும்" என்றான். போதும் போதும் என்றே வாழ்ந்துவிடுவான்.

எழுந்திருக்கும்போது மகள் கேட்டாள், "பதில் எழுதியாச்சா?" அவன் பானையைக் காட்டினான். "இதைத் தூக்கிட்டு எங்க போறது? இங்கதான்னு எழுதிடறேன்." எனக்கு அப்படியே பாரம் இறங்கினது போலிருந்தது. அந்தப் பானைக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பேன். அவனுக்கு இல்லை.

நவம்பர் 19

மழை. கையேடு பானைக்கு மூடி போட்டு, மேலே ஒரு உறையையும் சட்டைபோல் மாட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனான். தான் குடை எடுக்க மறந்துவிட்டான்.

நவம்பர் 23, ஞாயிறு

எப்படி எழுதுவது.

மத்தியானம் இரண்டு பேரும் வெளியே போயிருந்தார்கள். வீட்டுக்காரி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கை அரித்தது. உண்மையைச் சொன்னால் கை இல்லை, மனசு. தீ என்றால் என்னவென்று இந்தப் பானைக்கு ஒருநாள் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு நினைப்பு.

பானையின் சட்டையைக் கழற்றினேன். நாலு நாள் ஈரம் அதற்குள் இருந்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. சின்னத் தீ, பெரிய தீ என்றெல்லாம் இல்லை, எடுத்த எடுப்பில் ஒன்பது கட்டை. பாய்லரில் தீ தள்ளுகிற மாதிரி தள்ளினேன். நன்றாகப் பிடித்தது. கழுத்துக்கு மேலே ஒரு முழம் நின்று எரிந்தது, சலவைக்கூடமே திரும்பி வந்ததுபோல் இருந்தது. அதற்குள் காற்று திரும்பிவிட்டது. பொறி பறந்து கொடியில் இருந்த மகளின் படுக்கை விரிப்பில் விழுந்தது. ஒரு இடம், இரண்டு இடம் — புகைகிறது.

மணல் வாளி காலடியில்தான் இருந்தது. நான் குழாயடிக்கு ஓடினேன். தண்ணீரைப் பிடித்தேன். விரிப்பில் கொஞ்சம் ஊற்றினேன், சரி. மீதியை ஏன் பானைக்குள் ஊற்றினேன்? யார் ஊற்றச் சொன்னது? முப்பத்து மூன்று வருடம் புதிதாக வந்தவனுக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்டா அது.

டப் என்று ஒரே சத்தம். வாயிலிருந்து கழுத்து வரைக்கும் விரிந்துவிட்டது. ஒரு பக்கத் துண்டு தனியாக விழுந்தது.

வாளியோடு நின்றுகொண்டிருந்தேன், கேட் திறந்தது. கையேடு மட்டும். மகள் தெருமுனைக் கடையில் நின்றிருக்கிறாள். பானையைப் பார்த்தான், தரையில் ஓடிய கரித்தண்ணீரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என் கையிலிருந்து வாளியை வாங்கிக் குழாயடியில் வைத்தான். துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ளிவிட்டான்.

மகள் வந்தாள். "ஐயோ, என்னாச்சு?"

"நான்தான். காலைல சாம்பலைத் தட்டறப்போ பலமா தட்டிட்டேன் போல. சூடு பட்டதும் விட்டுடுச்சு."

"எவ்வளவு ஆசையா வாங்கினீங்க" என்று அவள் அவனைத் திட்டினாள். நான் செருப்பைத் தேடுவதுபோல் உள்ளே போய்விட்டேன்.

பொய்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. காலையில் தட்டினால் மத்தியானம் எரிய வைத்தது யார்? அவள் ஏன் அதைக் கேட்கவில்லை?

நவம்பர் 24

நாளைக்குச் சொல்லிவிடலாம்.

நவம்பர் 25

நாளைக்கு.

நவம்பர் 26, புதன்

வீட்டுக்காரியின் தம்பி, என் மச்சான், சாப்பிட வந்திருந்தான். பின்கட்டில் பானையைப் பார்த்துவிட்டு, "இது என்ன, புதையல் எடுத்த இடமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கையேடும் சிரித்தான். அத்தோடு விட்டிருக்கலாம். சாப்பாட்டு மேசையில் மச்சான் என்னைக் கேட்டான், "ஏன் மாமா, நீங்க பாய்லர்காரர், பக்கத்துல இருந்து பார்த்துக்கக் கூடாதா?"

என் வாய்க்கு என்ன வந்ததோ. "மண்ணுல சூடு ஏத்தறதுக்குக் கை பழகணும் மச்சான். பேப்பர்ல படிச்சு வர்றதில்ல. நாம ஒண்ணு சொன்னா இவங்க காதுல வாங்கணுமே" என்றேன். அதோடும் நிற்காமல் மண் எப்படி விரியும், ஈரம் எங்கே ஒளிந்திருக்கும் என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். அத்தனையும் சரியான விஷயம்.

கையேடு தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மகள் சாப்பிடவில்லை. அப்படித் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு வார்த்தை, "மாமா, தண்ணி ஊத்தினது நீங்கதானே" என்று அவன் கேட்டிருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்குமா? அவன்மேல்தான் தப்பு.

இல்லை. என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன் நான்?

நவம்பர் 27, வியாழன்

வீட்டுக்காரி விரிப்பை மடித்தபடியே கேட்டாள், "எத்தனை கட்டை போட்டீங்க?"

"எதுல?"

"விறகு அடுக்கினது நான். எண்ணத் தெரியும் எனக்கு. விரிப்புல ரெண்டு ஓட்டை இருக்கு. அந்தப் பையன் அஞ்சு நாளா எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கறான். நேத்து நீங்களும் சேர்ந்து குடுத்தீங்க."

விரிப்பை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். இத்தனை வருடத்தில் அவள் என்னை இப்படிப் பார்த்ததில்லை. நான் அவனைப் பார்க்கிற பார்வை அது.

நவம்பர் 29, சனி

மகள் சொல்லிவிட்டாள். போகிறார்கள். அடுத்த ஞாயிறு லாரி வருகிறது.

மாடிக்குப் போனேன். அவன் வேலைக்குப் போயிருந்தான். உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே சொன்னேன். "பானையை உடைச்சது நான்மா. அவர் இல்ல."

"தெரியும்ப்பா."

"அவர் சொன்னாரா?"

"இல்ல. கேட்டேன், நான்தான்னு சாதிச்சார். உங்க கால்சட்டை முட்டி வரைக்கும் கரித்தண்ணி. எனக்குத் தெரியாதா?" புடவைகளை அடுக்கிக்கொண்டே பேசினாள், குரலை உயர்த்தவில்லை. "பானை போனா போகுது, வேற வாங்கலாம்னார். மாமாவுக்குக் கூச்சமா இருக்கும், அவரே வந்து பேசுவார், நீ எதுவும் கேட்காதேன்னார். மூணு நாள் அப்படித்தான் இருந்தோம். புதன்கிழமை நீங்க பேசினதெல்லாம் கேட்டுட்டு மேல வந்து, 'போயிடலாம்மா'ன்னு மட்டும் சொன்னார். மறுநாள் எழுதிப் போட்டாச்சு."

"நான் வேணா இப்ப அவர்கிட்ட—"

"பதில் போயிடுச்சுப்பா."

இங்கேதான் என்று எழுதுகிறேன் என்றவனை எழுதவிடாமல் செய்தது நான்தான். வேறு யாரையும் சொல்ல வழியில்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

லாரி வந்து போனது. கயிறு கட்டும்போது அவன் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றேன். இரண்டு தடவை வாயைத் திறந்தேன். "இழுத்துக் கட்டுங்க மாப்ள" என்றுதான் வந்தது. "பார்த்துக்கறேன் மாமா. முட்டிக்குத் தைலம் மேல அலமாரில இருக்கு, தீர்றதுக்கு முன்னாடி வாங்கிடுங்க" என்றான்.

என் முட்டி வலி அவனுக்கு எப்படித் தெரியும் என்று அப்புறம்தான் யோசித்தேன்.

டிசம்பர் 12

வீட்டுக்காரி மாடியைக் கூட்டினாள். நான் போகவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

மகள் போன் செய்தாள். வீடு சின்னதாம், தண்ணீர் நன்றாக வருகிறதாம். எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள். எப்போதும் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிற நேரம் வந்தது. நான் கொடுக்கவில்லை.

"அவர் இருக்காரா? குடு."

கதவு திறக்கிற சத்தம். பிறகு, "சொல்லுங்க மாமா."

"சாப்டீங்களா?"

"ஆச்சு மாமா. நீங்க?"

"ஆச்சு." போனை மறு காதுக்கு மாற்றினேன். "தண்ணி ஊத்தினது நான் மாப்ள. மேசைல பேசினதும் தப்பு."

"சரி மாமா" என்றான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

அதற்கு மேல் அவனுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. அங்கே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது கேட்டது. அவன் மூச்சு விடுவதும் கேட்டது. அவன் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

வீட்டுக்காரி வாசற்படியில் வந்து நின்று, யார் என்று கையால் கேட்டாள். மாப்பிள்ளை என்றேன்.

"பேச்சுச் சத்தமே காணோம்?"

"பேசிட்டுதான் இருக்கோம், நீ போ" என்றேன்.