பன்னிரண்டாவது நீலப் பை

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒரு சத்தியம் செய்துகொடு. இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டக்கூடாது. உன் அறையில் இருக்கும் தோழியிடம் கூட வேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அம்மா கேட்டால் கடிதமே வரவில்லை என்று சொல். போனில் சொல்லலாம் என்றால் போன் அம்மாவின் தலையணைப் பக்கத்தில் இருக்கிறது. அதோடு உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். சொல்ல வந்ததைச் சொல்லமாட்டேன்.

உன் இருமல் நின்றதா? அப்பா லாரியோடு போய் ஒன்பது நாள் ஆகிறது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

அம்மாவை ஆபரேஷன் தியேட்டர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. அதுவரை சீட்டு கொடுக்கும் ஜன்னலில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். இருபது வருஷம் டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே கத்தரியை நீட்டிய கை, இப்போது வருகிறவர்களின் பெயரையும் வயதையும் எழுதுகிறது. உனக்குப் பரீட்சை நேரம், சொல்லாதே என்று அம்மா சொன்னாள்.

நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகு அம்மாவும் பெரிய டாக்டரும் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். முன்பெல்லாம் ஒரு ஆபரேஷன் என்றால் தேவைப்படுமோ படாதோ, பஞ்சு, நூல், கையுறை என்று கிருமி நீக்கி மூடிய எல்லாப் பொட்டலத்தையும் பிரித்து மேஜையில் பரப்பிவிடுவார்களாம். பிரித்துவிட்டால் யார் கையும் படாவிட்டாலும் அது குப்பைதான். அம்மா ஒரு மாதம் எண்ணி எழுதினாள். பாதிக்குப் பாதி தொடாமலே போயிருந்தது. அதனால் கட்டாயம் வேண்டியதை மட்டும் பிரித்து, மற்றதை மூடியபடியே கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார்கள். டாக்டர் கேட்டால் அந்த நிமிஷமே பிரிப்பார்கள். ஆபரேஷனுக்கு மூன்று பை குப்பை விழுந்தது ஒன்றரைப் பையாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குப்பை எரிக்கும் புகைபோக்கி எங்கள் வகுப்பு ஜன்னலில் தெரியும். சாயங்காலம் வரைக்கும் புகைந்துகொண்டிருந்தது, மத்தியானத்தோடு நிற்க ஆரம்பித்தது. அம்மாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள்.

கருவிப் பெட்டிகளைச் சுற்றி ஒரு நீலத் துணி வரும். நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே அதைப் பிரித்துவிடுவார்கள், ஒரு சொட்டு ரத்தம் படாது. தலைமை நர்ஸ் மேட்ரனிடம் கேட்டுவிட்டு அம்மா அதில் பன்னிரண்டை எடுத்துவந்து பை தைத்தாள். முதல் பை எனக்கு, விளையாட்டு ஷூ வைக்க. மற்றதை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாள்.

இனிமேல்தான் எழுத வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வகுப்பில் கொக்கு என்று ஒருத்தி இருக்கிறாள். கழுத்து நீளம், நாக்கு அதைவிட நீளம். போன வாரம் என் பையில் சிவப்பு மை கொட்டிக் கறையாகிவிட்டது. அதை அவள் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “இது ஆபரேஷன் துணிதானே? யாரோட ரத்தம்டி இது?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். மை என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எங்கம்மாவுக்கு எதையும் தூக்கிப்போட மனசு வராது. ஒருத்தருக்குப் போட்டதையே கழுவி அடுத்தவங்களுக்குப் போட்டாலும் போடுவாங்க” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அன்றைக்கே பையைப் பள்ளிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன்.

கொக்கின் சித்திக்குப் பித்தப்பையில் கல். மறுநாள் அந்த ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன். எனக்கு அது தெரியாது. கொக்கு போய்ச் சொன்னதைக் கேட்டுச் சித்தி பயந்து கட்டிலை விட்டு எழுந்து வீட்டுக்கே போய்விட்டார். சித்தப்பா அலுவலகத்தில் போய்க் கத்தியிருக்கிறார். யார் சொன்னது என்று கேட்டதற்கு, உள்ளே வேலை செய்கிறவர் வீட்டிலிருந்தே வந்த செய்தி என்றாராம். அவ்வளவுதான். ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள். மேட்ரனைக் கேட்டால் துணிக்கு அனுமதி கொடுத்ததாக ஞாபகமே இல்லையாம்.

அம்மா தியேட்டர் துடைக்கும் அக்காவைச் சந்தேகப்படுகிறாள். “அவளுக்கு நான் என்னடி குறை வெச்சேன்? ஒரே டப்பால சாப்பிட்டோமே” என்று என்னிடமே கேட்டாள். நான் உருளைக்கிழங்கு தோலை உரித்துக்கொண்டே இருந்தேன்.

இந்த வாரம் புகைபோக்கி சாயங்காலம் வரைக்கும் புகைகிறது. ஜன்னல் பக்கத்திலிருந்து இடம் மாற்றித் தரச் சொல்லி டீச்சரிடம் கேட்டேன். கண் எரிகிறது என்று பொய் சொன்னேன்.

எடுத்த துணி அத்தனையும் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா கொடுத்த வீடுகளிலெல்லாம் போய்த் திரும்ப வாங்கிவந்தாள். மாடி வீட்டு அத்தை வெங்காயத் தோலோடு கொடுத்தார். பதினொன்றைத் துவைத்து மடித்து அடுக்கியிருக்கிறாள். என்னுடையது எங்கே என்றாள். பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன் என்றேன்.

இன்றைக்குப் பள்ளி விட்டதும் குப்பை கொட்டும் பின்பக்கக் குழியில் இறங்கித் தேடினேன். வாட்ச்மேன் தாத்தா என்ன தொலைந்தது என்று கேட்டார். இன்னும் குனிந்து கிளறினேன். நனைந்த காகிதத்துக்கு அடியில் கிடந்தது. பிடியை எலி கடித்திருக்கிறது. சிவப்புக் கறை மட்டும் அப்படியே இருக்கிறது. மூன்று தடவை சோப்புப் போட்டேன், போகவில்லை. இப்போது என் மெத்தைக்கு அடியில் இருக்கிறது. இதைக் கொடுத்தால் ரத்தம் என்பார்கள். கொடுக்காவிட்டால் ஒன்றை ஒளித்துவிட்டாள் என்பார்கள். அது மை என்று சொல்ல உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டும்.

நீ அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு என்று கேட்கத்தான் இதை ஆரம்பித்தேன். இன்று வெள்ளி. நாளைக்குத் தபாலில் போட்டாலும் உனக்குச் செவ்வாய்க்கிழமைதான் வரும். அது பாதி எழுதும்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஏன் எழுதுகிறேன் என்று திட்டாதே. அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், அவ்வளவுதான். அக்கா, அம்மா என்னை அடித்தால் பரவாயில்லை. ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டால் என்ன செய்வேன்? எதுவானாலும் நீ மட்டும் என்னோடு பேசாமல்

அம்மா கதவைத் தட்டுகிறாள். “இன்னும் தூங்கலையா? அந்தப் பையக் கொடுடி, மத்ததோட சேர்த்து வெச்சுடறேன்” என்கிறாள். அக்கா, நான்