பீரோவில் ஒரு செட்

2005 ஜூலை 2, சனி
எங்கள் பிரஸ்ஸின் காலண்டர் டிசைன் அத்தனையும் ஒரே சர்வரில் கிடக்கிறது. அது படுத்தால் சீசனும் படுக்கும். டிசைன் பிரிவைப் பார்க்கிற என் வேலையும் போகும். எல்லாவற்றையும் டேப்பில் நகல் எடுத்துவைக்கிற பேக்கப்புக்கு முதலாளி ராஜசிங் அண்ணாச்சி ஒருவழியாகச் சம்மதித்தார். டேப்பை ஓட்டுகிற டிரைவ் எது என்பதில்தான் இழுபறி. பெரியது லட்சத்துக்கு மேல். ஒரே டேப்பில் எல்லாம் அடங்கும். சின்னது முப்பத்தைந்தாயிரம், ஐந்து டேப் மாற்றி மாற்றிப் போடணும். டேப் பெட்டியில் எழுபத்திரண்டு ஜிபி என்று போட்டிருக்கிறான். ஃபைலைச் சுருக்கினால்தானே அம்புட்டும் பிடிக்கும்? எங்கள் படங்கள் எங்கே சுருங்கும்! பாதி என்றே கணக்குப் போட்டேன்.

ஜூலை 5
பெரியதுதான் வேணும் என்று அடம்பிடித்தால் டேப்புக்குக் காசு மிஞ்சாது. ஒரே டேப் டிரைவுக்குள்ளேயே கிடக்கும். அதுக்குப் பேரு பேக்கப்பா?

ஜூலை 6
சின்னதே போதும் என்றேன். அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். மிச்சக் காசில் இரண்டு செட் டேப், ஒன்று என் வீட்டில் இருக்கணும் என்றதும் முகம் மாறிவிட்டது.
"ஏம்மா பர்ஹத், வீட்டுல வச்சுப் பாட்டா கேக்கப் போறே?"
நானும் விடவில்லை. கடைசியில் தலையாட்டினார்.

ஆகஸ்ட் 13, சனி
டேப் மாற்றியே பாதி நாள் போகிறது. வாரா வாரம் புதுசாக எடுத்த செட்டைப் பீரோவில் சேலைக்கு நடுவே வைக்கிறேன். என் வீட்டுக்காரர் முஹ்சினுக்குச் சிரிப்பு. "முருகரு, மாரியாத்தா, ஏசு எல்லாரும் நம்ம பீரோலதான் இருக்காக. நல்லாப் பூட்டு."

அக்டோபர் 12, புதன்
ஐயோ. நேற்று ஆயுத பூசை. மெஷின்மேன் சுடலை, அச்சு மெஷினோடு சேர்த்து சர்வருக்கும் சந்தனத் தண்ணீர் தெளித்திருக்கிறார். ரேக்கில் இருந்த டேப்புக்கும் தெளித்து, ஒன்று விடாமல் பொட்டு வேறு. டிரைவ் வாயெல்லாம் குங்குமம். காலையில் சுவிட்சைப் போட்டதும் கருகின வாடை.
"நல்லதுக்குத்தான தாயி செஞ்சேன்," என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அண்ணாச்சி சர்வரைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.
வீட்டு செட்டை எடுத்துவர ஓடினேன். எந்த டிரைவில் போடுவது? பக்கத்து பிரஸ்ஸில் இதே சின்ன டிரைவ், கேட்டதும் கொடுத்தார்கள். இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினேன். பெரியது வாங்கியிருந்தால் இந்தச் சிவகாசியில் யாரிடம் போய் நிற்பேன்?
முதல் டேப் ஓடுகிறது. ஓடி முடியுமா?

அக்டோபர் 13
அல்ஹம்துலில்லாஹ். நோன்பு திறக்கிற நேரத்தில் ஐந்தாவதும் முடிந்தது. சனிக்கிழமை வரைக்கும் எல்லாம் இருக்கு, எல்லாம்! திங்கட்கிழமை வேலை ஒன்றுதான் போச்சு, போகட்டும். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அண்ணாச்சி சுடலையிடம், "போலே, மெஷினை ஓட்டு," என்று மட்டும் சொன்னார். எனக்கே மூச்சு வந்தது.

அக்டோபர் 15, சனி
அண்ணாச்சியே மதுரைக்குச் சொல்லி மூன்றாவது செட் வரவழைத்துவிட்டார். பேரம் பேசவில்லையாம். இன்று அதில் எல்லாம் பதிந்து, டேப் பையைக் கொடுத்தேன். கார் டிரைவர் வாங்கி டிக்கியில் வைக்கப் போனார். அண்ணாச்சி விடவில்லை. காரில் ஏறி, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.